தம்பியின் ரத்த ரிப்போர்ட் குழாயடிக்கு வந்துவிட்டது

கேள்வி: என் தம்பிக்கு 28 வயது, ஷூ கம்பெனியில் வேலை. ஹெர்னியா ஆபரேஷனுக்காக வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். 15,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினோம். ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது, தம்பியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்" என்றார். தங்கமான மனுஷர், அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அதற்குள் கேஸ் ஷீட்டின் மேலே சிவப்பு மையில் பெரிதாக எழுதிவிட்டார்கள். வார்டு ஆயாம்மாகூட எழுத்துக்கூட்டிப் படித்தார். ஆபரேஷன் இங்கே செய்ய முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று டிஸ்சார்ஜ் செய்தார்கள். அங்கே லேப்பில் இருக்கும் பெண் எங்களுக்கு அடுத்த தெரு. நாங்கள் பஸ் பிடித்து வீடு வருவதற்குள் குழாயடியில் பேச்சாகிவிட்டது. மூன்றாம் நாள் பெண் வீட்டார் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த லேப் பெண்ணை ஜெயிலில் போட முடியுமா?
— குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அக்கா

பதில்: அம்மா, முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கடிதம் எழுதியது தம்பிக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் வாசிக்கும்போது தோன்றியது. அதனால் உங்களை அடையாளம் காட்டக்கூடிய இரண்டு மூன்று விவரங்களை மாற்றித்தான் இங்கே தருகிறேன்.

உங்கள் கோபம் முழுவதும் லேப் பெண் மேல் இருக்கிறது. எனக்கோ முதல் தவறு டாக்டர் அறையிலேயே நடந்துவிட்டதாகப் படுகிறது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம்பிக்கையின் பேரில் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொண்ட எச்.ஐ.வி. தகவலை, அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்லக் கூடாது என்கிறது அதன் 8-ஆம் பிரிவு. சிகிச்சை கொடுக்கும் மற்ற மருத்துவப் பணியாளர்களிடம் தேவைக்குச் சொல்லலாம், கோர்ட் உத்தரவிட்டால் சொல்லலாம். இப்படிச் சில விதிவிலக்குகள்தான். "கூடப் பிறந்த அக்கா" அந்தப் பட்டியலில் இல்லை. 28 வயது ஆள் சுயநினைவோடு பக்கத்து வார்டில் படுத்திருக்கிறார். அவருக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்கவே கூடாது. நம் ஊரில் எந்த வியாதியானாலும் கூட வந்தவரை வெளியே அழைத்துச் சொல்வதுதான் வழக்கம், அது நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் அந்த ரிப்போர்ட் தம்பியின் சொத்து. அதை யாருக்குக் காட்டுவது என்பது அவர் முடிவு.

அடுத்தது, இந்த டெஸ்ட் எடுப்பதாகத் தம்பியிடம் சொன்னார்களா? அட்மிஷன் ஃபாரத்தில் "எல்லாப் பரிசோதனைகளுக்கும் சம்மதிக்கிறேன்" என்று அச்சடித்த ஒரு வரி போதாது. 5-ஆம் பிரிவின்படி எச்.ஐ.வி. சோதனைக்கு விளக்கிச் சொல்லிப் பெற்ற சம்மதம் வேண்டும், முன்னும் பின்னும் ஆலோசனை தர வேண்டும். ரத்த வங்கிச் சோதனை, கோர்ட் உத்தரவு போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. ஆபரேஷனுக்கு முந்தைய ரொட்டீன் டெஸ்ட் அதில் வராது.

அதோடு, ஒரே ஒரு டெஸ்டை வைத்து யாரும் எதையும் உறுதி செய்துவிட முடியாது. அரசு மையங்களில் முதல் சோதனை பாசிட்டிவ் என்று வந்தால், மேலும் இரண்டு வகைக் கிட்டில் பார்த்த பிறகே முடிவு சொல்வார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குத் தம்பி முதலில் போகட்டும். செலவில்லை. உறுதியானால் மாத்திரையும் இலவசம், ஒழுங்காகச் சாப்பிட்டால் நெடுங்காலம் நன்றாக இருக்கலாம். 1986-இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகள் வேலூருக்கு வந்து, சி.எம்.சி.யில் சோதித்துத்தான் இந்த நாட்டில் எச்.ஐ.வி. இருப்பதே முதலில் தெரிந்தது. அப்பேர்ப்பட்ட ஊரில் இன்றைக்கும் சிவப்பு மையால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்!

சரி, லேப் பெண் விஷயம். அவர் செய்தது சட்டமீறல், சந்தேகமில்லை. ஆனால் ரகசியத்தை வெளியே சொன்னதற்கு நேரடியாகச் சிறை என்று இந்தச் சட்டம் வைக்கவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு எதிராக வெறுப்பைப் பரப்பினால்தான் மூன்று மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை. குழாயடிப் பேச்சை அதற்குள் கொண்டுவருவது கஷ்டம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் ரைட்டர் முன்னால் மறுபடி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இப்போதைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பிடிக்க வேண்டியது மருத்துவமனையை. ஊழியர் செய்த தவறுக்கு மருத்துவமனையே பதில் சொல்ல வேண்டும் என்பதை 2004-இல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கேஸ் ஷீட்டைப் பூட்டி வைக்காமல் போகிற வருகிறவர் கண்ணில் படும்படி எழுதியது அந்தப் பெண் அல்லவே.

எதிர்த்தரப்பு வக்கீல் 1998-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை எடுத்து வீசுவார், தயாராக இருங்கள். அதிலும் ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு வெளியாகி, நிச்சயித்த கல்யாணம் நின்றது. மணப்பெண்ணின் ஆரோக்கியத்தைக் காரணம் காட்டி, மருத்துவமனை மேல் தவறில்லை என்றது உச்ச நீதிமன்றம். அது புதுச் சட்டத்துக்கு முந்தைய காலம். இப்போது துணைவரிடம் சொல்வதற்கே 9-ஆம் பிரிவு ஒரு முறை வகுத்திருக்கிறது. டாக்டரோ ஆலோசகரோ மட்டும்தான் சொல்லலாம். முதலில் நோயாளியையே சொல்லும்படி அறிவுறுத்த வேண்டும். அவர் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தால், நாங்கள் சொல்லப்போகிறோம் என்று அவரிடம் தெரிவித்துவிட்டு, நேரில், ஆலோசனையோடு சொல்ல வேண்டும். நிச்சயமான பெண் "துணைவர்" ஆவாரா என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் அடுத்த தெரு ஆள் குடத்தை வைத்துக்கொண்டு சொன்னதை எந்தப் பிரிவும் காப்பாற்றாது.

ஆபரேஷன் மறுத்ததும் தனிக் குற்றச்சாட்டு. எச்.ஐ.வி. இருப்பதையே காரணமாக வைத்துச் சிகிச்சையை மறுப்பது 3-ஆம் பிரிவின்படி பாரபட்சம். ஊழியர்களுக்குப் பயம் இருந்தால் கையுறை முதலான பாதுகாப்பையும், ஊசி குத்திவிட்டால் உடனே தரும் மருந்தையும் நிர்வாகம் வைத்திருக்க வேண்டும், அதுவும் இதே சட்டத்தில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். "நோயாளியின் விருப்பப்படி" என்று எழுதியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதனால்தான் ரெக்கார்டு முக்கியம். தம்பி தன் கையெழுத்தில் கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுக்கட்டும், தேதியோடு ஒப்புகை வாங்கட்டும். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். சிவப்பு மை எழுத்து அந்த நகலில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனை என்றால் புகார் அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும். அவருக்கு ஒரு புகார். அப்புறம் இந்தச் சட்டத்தை மீறியதாக வரும் புகார்களை விசாரிக்க மாநில அரசு நியமிக்கும் ஓம்பட்ஸ்மனுக்கு ஒன்று. அவர் 30 நாளில் உத்தரவு போட வேண்டும், மருத்துவ அவசரம் என்றால் முடிந்தவரை 24 மணி நேரத்தில். அந்த உத்தரவை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், தொடர்ந்து மீறினால் நாளுக்கு 5,000 வரை.

நஷ்டஈட்டுக்கு வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பணம் கட்டிய சிகிச்சை என்பதால் தடையில்லை. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழக்குப் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடுமே என்று பயப்படுவீர்கள். எச்.ஐ.வி. சட்டத்தின் 34-ஆம் பிரிவைக் காட்டி, பெயரை மறைத்துப் புனைபெயரில் விசாரிக்கும்படி முதல் நாளே மனு போடச் சொல்லுங்கள் உங்கள் வக்கீலிடம்.

கசப்பாக ஒன்று பாக்கி இருக்கிறது. பாசிட்டிவ் என்பது உறுதியானால், இனி எந்தப் பெண்ணோடு வாழப் போனாலும் முன்கூட்டியே அவரிடம் சொல்லவோ, தகுந்த பாதுகாப்பு எடுக்கவோ தம்பிக்கு 10-ஆம் பிரிவில் கடமை இருக்கிறது. தட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் மேல் வழக்கு எதுவும் வேண்டாம். அவர்கள் தவறான வழியில் தெரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் தம்பியிடம் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள். போடலாம் என்றால், எல்லா மனுவிலும் அவர் கையெழுத்துதான் இருக்க வேண்டும், உங்களுடையது அல்ல.