லைனில் விடாத அழைப்பு

கேள்வி: நாங்கள் டல்லாஸில் வசிக்கிறோம். என் கணவர் ஞாயிறுதோறும் இணைய வானொலியில் தமிழில் டாக் ஷோ நடத்துகிறார். குடும்பம், பண்பாடு, பிள்ளை வளர்ப்பு என்று கன்சர்வேட்டிவ் பார்வையில் பேசுவார். நேயர்கள் போனில் வருவார்கள். 17 வயது மகள் பள்ளியின் ப்ராம் விருந்துக்கு ஒரு கவுன் வாங்கினாள். அந்த வாரமே இவர், "கவுன் என்பதே பெண்ணைக் காட்சிப்பொருளாக்க வந்த உடை" என்று ஒரு மணி நேரம் பேசினார். பெயர் சொல்லவில்லை, ஆனால் "என் வீட்டிலேயே" என்றார். மகள் அவரிடம் பேசி இரண்டு வாரம் ஆகிறது. அன்று ஓர் அம்மா, ஹவாயில் கவுன் வந்த கதையைச் சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டார். இவர் எரிச்சல்படுவார் என்று நான் லைனில் விடவில்லை. இவர்கள் இருவரையும் எப்படிச் சமாதானப்படுத்துவது?

பதில்: சமாதானத்தை அப்புறம் பார்ப்போம். அந்த ஹவாய் அம்மாவை லைனில் விடவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நிகழ்ச்சியில் போன் எடுப்பது நீங்கள். யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்று முடிவு செய்வதும் நீங்கள். பிறகு எப்படி இது அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் உள்ள சண்டை மட்டும் ஆகும்?

அந்த அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். 1820இல் அமெரிக்க மிஷனரிகள் தாடியஸ் என்ற கப்பலில் ஹவாய்க்குப் போனார்கள். மறைந்த மன்னர் முதலாம் கமேஹமேஹாவின் மனைவியரில் ஒருவரான காலாகுவா கப்பலுக்கே வந்து, இந்தப் பெண்கள் உடுத்துவது போல எனக்கும் வேண்டும் என்று கேட்டார். கப்பல் தளத்தில் உட்கார்ந்தே தைக்க ஆரம்பித்தார்கள். ராணி நல்ல ஆகிருதி. அதனால் இடுப்பைப் பிடிக்காமல் தோளிலிருந்து தளர விழும்படி வெட்டினார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஹோலொகு: கழுத்தை மூடி, முழுக்கை வைத்து, தரை வரை நீளும் கவுன். இன்றும் அங்கே கல்யாணங்களில் உடுத்துகிறார்கள். அதை ஊரெல்லாம் பரப்பியவர்கள், உங்கள் கணவரைப் போலவே அடக்கத்தையும் குடும்பத்தையும் பெரிதாக நினைத்தவர்கள். உடலை மூடுவதற்காகக் கொண்டுபோன உடை அது.

இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். 1783இல் பிரான்ஸ் ராணி மரீ ஆந்துவானெத்தை மெல்லிய வெள்ளை மஸ்லின் கவுனில் வரைந்து பாரிஸ் கண்காட்சியில் வைத்தார்கள். உள்ளாடையோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஊரே கொதித்தது. படத்தை எடுத்துவிட்டுப் பட்டுக் கவுனில் வேறொன்று வரைய வேண்டியதாயிற்று. இருபது வருடத்துக்குள் ஐரோப்பாவில் மரியாதையான வீட்டுப் பெண்கள் உடுத்தியது அதே வெள்ளை மஸ்லினைத்தான். இதையெல்லாம் கேட்டிருந்தால் உங்கள் கணவர், கவுன் எதற்காக வந்தது என்பதை விட்டுவிட்டு, எந்தக் கவுன் தன் மகளுக்கு ஏற்றது என்று யோசித்திருப்பார். அது ஒரு தகப்பன் கேட்க வேண்டிய கேள்வி. அந்த வாய்ப்பை அவரிடமிருந்து பறித்தது நீங்கள்.

அமெரிக்க வானொலியில் 1949 முதல் ஒரு விதி இருந்தது. சர்ச்சைக்குரிய விஷயத்தைப் பேசினால் எதிர்க் கருத்துக்கும் இடம் தர வேண்டும். 1987இல் அதை எடுத்தார்கள். மறு வருடமே கன்சர்வேட்டிவ் வானொலித் தொகுப்பாளர் ரஷ் லிம்பா நாடு முழுக்க ஒலிக்கத் தொடங்கினார். உங்கள் கணவர் பின்பற்றுகிற பாணி அதற்குப் பிறகு பெருகியதுதான். நான் அந்தப் பாணிக்கு எதிரி இல்லை. குடும்பத்துக்காக உரக்கப் பேச ஆட்கள் வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் நேயர் மறுத்து, விடாமல் நின்று, தொகுப்பாளர் பதில் தேடித் தடுமாறும்போதுதான் அந்தப் பேச்சில் உண்மை இருக்கும். தலையாட்டுகிறவர்களை மட்டும் நீங்கள் அனுப்பிக்கொண்டிருந்தால், ஊரே தன் பக்கம் என்றுதானே அவர் நம்புவார்? அந்தத் தைரியத்தில்தானே சொந்த மகளை மைக் முன்னால் இழுத்தார்?

மகள் என்ன உடுத்துவது என்பதில் பெற்றவர்களுக்குச் சொல் உண்டு. நானாக இருந்தால், சாயங்காலம் முழுக்க மேலே இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கவுனை வாங்க விடமாட்டேன். அல்லது கை வைத்துத் தைத்துக் கொடுப்பேன். அதைச் சாப்பாட்டு மேசையில், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். ஊர் கேட்கப் பேசுவது கண்டிப்பு இல்லை, அவமானப்படுத்துவது. அதற்கு அவர் மகளிடம் மன்னிப்புக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவரிடம் இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். கணவர் எரிச்சல்படாமல் பார்த்துக்கொள்வதையே மனைவியின் கடமை என்று நினைத்துவிட்டீர்கள். அவர் தப்பாகப் போகும்போது கையைப் பிடித்து நிறுத்துவதும் கடமைதானம்மா. நீங்கள் அதைச் செய்யவில்லை.

முதலில் மகளிடம் போங்கள். அந்த அழைப்பை மறித்தது நான்தான் என்று சொல்லுங்கள். அப்பாவை அவள் மன்னிப்பது அவள் பாடு, அவசரப்படுத்தாதீர்கள். அப்புறம் அவரிடம், அன்று யார் கூப்பிட்டார்கள், என்ன சொல்ல வந்தார்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள். கோபப்படட்டும். அந்த அம்மாவின் எண் உங்கள் போனில் இருக்கும். வரும் ஞாயிறு நிகழ்ச்சி தொடங்கியதும் முதல் அழைப்பாக அவரை லைனில் விடுங்கள்.