பெயரைத் தேடினால் வரவில்லையே! – கன்சோல் நண்பர்கள் பற்றிய கேள்வி பதில்

லீவு விட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கேட்கும்போது எந்த கன்சோல் (கேம் ஆடும் பெட்டி), எந்த கேம் என்று இரண்டையும் சொல்லுங்கள். பாதிப் பேர் அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி (வடசேரி): அண்ணே, என்கிட்ட பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5). மார்த்தாண்டத்தில் மச்சானிடம் எக்ஸ்பாக்ஸ். அவன் பெயரை எத்தனை தடவை தேடினாலும் வரமாட்டேங்குது.

வராது மக்கா. பிளேஸ்டேஷன் நண்பர் பட்டியலில் பிளேஸ்டேஷன் கணக்குகள் மட்டும்தான் இருக்கும். நீங்கள் சேர வேண்டியது கேம் கம்பெனியின் பட்டியலில். ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக் என்றால், இருவருக்கும் அவற்றின் கம்பெனியான எபிக்கில் கணக்கு வேண்டும். அந்தப் பெயரைத் தேடிச் சேருங்கள். மைன்கிராஃப்ட் என்றால் நீங்கள் பிஎஸ்5-லேயே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, மச்சானின் கேமர்டேக்கை (எக்ஸ்பாக்ஸில் அவன் வைத்திருக்கும் பெயர்) தேட வேண்டும். கேமர்டேக்கின் பின்னால் # போட்டு எண்கள் இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். அதை விட்டுவிட்டு வேறு யாருக்கோ ரிக்வெஸ்ட் அனுப்புகிறவர்கள் நிறைய.

எஃப்சி கால்பந்து ஆட்டத்துக்கு அதன் கம்பெனியான இஏ-யின் கணக்கு. அங்கே ஒரு சிக்கல் உண்டு: பிஎஸ்5-உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸும் சேரும், பழைய பிஎஸ்4-உம் ‘எக்ஸ்பாக்ஸ் ஒன்’-உம் சேரும்; புதியதும் பழையதுமாக மாறினால் சேராது. ஜிடிஏ ஆன்லைன் ஆடத்தான் இவ்வளவு பாடு என்றால் விட்டுவிடுங்கள். பிளேஸ்டேஷனும் எக்ஸ்பாக்ஸும் அதில் சந்திக்கவே முடியாது.

கேள்வி (கருங்கல்): அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த பிஎஸ்5. கணக்கையும் அங்கேயே தொடங்கிவிட்டார். இங்குள்ள நண்பர்களைச் சேர்க்க முடியுமா?

தாராளமாகச் சேர்க்கலாம். நண்பராவதற்கு நாடு தடையில்லை. இடறுவது கடையில்தான். அமீரகக் கணக்கின் கடையில் நம்ம ஊர் வங்கி அட்டை எடுபடாது, கணக்கின் நாட்டைப் பிறகு மாற்றவும் முடியாது. அதனால் இந்தியா என்று போட்டு உங்களுக்கொரு புதுக் கணக்கு தொடங்கிவிடுங்கள். அப்பா கணக்கில் ‘கன்சோல் ஷேரிங்’ ஆன் ஆகியிருந்தால், அதில் வாங்கிய கேம்களையும் பிஎஸ் பிளஸ் என்ற ஆன்லைன் சந்தாவையும் அதே பெட்டியில் உங்கள் கணக்கிலிருந்தே பயன்படுத்தலாம். நண்பர்களைப் புதுக் கணக்கிலேயே சேருங்கள்; பிறகு ஒவ்வொருவராக மாற்றுவது பெரிய தலைவலி.

கேள்வி (குளச்சல்): நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலில் பெயர் போட்டுத் தேடும் இடமே இல்லையே?

அதில் பெயர் கிடையாது, எண்தான். முகப்புத் திரையின் மேல் இடது மூலையில் உங்கள் படத்தைத் தொட்டால், எஸ்டபிள்யூ என்று தொடங்கும் 12 இலக்க ஃப்ரெண்ட் கோடு (நண்பராகச் சேர்க்கும் எண்) தெரியும். நின்டெண்டோ கணக்கை இணைத்த பிறகே அது வேலை செய்யும். பக்கத்து வீட்டுப் பையனோடுதான் மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்றால் கோடே வேண்டாம். லோக்கல் வயர்லெஸ்ஸில் இன்டர்நெட் இல்லாமலே 8 பேர் வரை ஆடலாம்.

கேள்வி (தக்கலை): பிஎஸ்5-இல் நண்பர் பட்டியலில் இருக்கிறான். ஆனால் பார்ட்டியில் (நண்பர்கள் குரலில் பேசும் குழு) பேசினால் ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்பதில்லை.

செட்டிங்ஸில் நெட்வொர்க் போய் இன்டர்நெட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். ‘நாட் டைப் 3’ (NAT Type 3) என்று வந்தால் காரணம் கிடைத்துவிட்டது: மற்றவர்களின் கன்சோல் உங்களுடையதை நேராக எட்ட முடியவில்லை. முதலில் ரவுட்டரின் செட்டிங்ஸில் யுபிஎன்பி (UPnP) என்ற வசதியை ஆன் செய்து, ரவுட்டர், பிஎஸ்5 இரண்டையும் அணைத்துப் போடுங்கள். அப்படியும் 3 என்றால், உங்கள் கேபிள்காரர் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு வைத்திருக்கலாம். அவரிடம் “பப்ளிக் ஐபி வேணும்” என்று கேளுங்கள். கூடுதலாகக் காசு கேட்பார்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆடுகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். மழையில் தென்னை மட்டை விழுந்து ஃபைபர் அறுந்ததற்கெல்லாம் என்னிடம் மருந்தில்லை.

கேள்வி (குழித்துறை): தம்பி, மகனுக்கு 10 வயது. முன்பின் தெரியாதவர்கள் ரிக்வெஸ்ட் அனுப்புகிறார்கள். பிஎஸ்5-ஐயே எடுத்து வைத்துவிடவா?

வேண்டாம் அக்கா. அவனுக்குக் குழந்தைக் கணக்காகத் தொடங்கி, உங்கள் கணக்கின் கீழ் வையுங்கள். யாரோடு பேசலாம் என்பதையும் செலவு வரம்பையும் நீங்களே வைக்கலாம். பிரைவசியில் யார் ரிக்வெஸ்ட் அனுப்பலாம் என்ற இடத்தில் ‘யாரும் வேண்டாம்’ என்று போட்டாலும், பள்ளி நண்பர்களின் ஐடியை நேரில் கேட்டு வந்து அவன் அனுப்பலாம். ‘குளோஸ் ஃப்ரெண்ட்’ என்று ஒன்று உண்டு. அதை ஏற்றால் உண்மைப் பெயர் எதிராளிக்குத் தெரியும். அதைக் கூடப் படிக்கிற பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி (திங்கள்நகர்): எட்டாம் வகுப்பில் வைத்த பிஎஸ் ஐடி. இப்போது அலுவலக நண்பர்களுக்குக் கொடுக்க வெட்கமாக இருக்கிறது. மாற்றினால் நண்பர்கள் போய்விடுவார்களா?

போகமாட்டார்கள். முதல் முறை மாற்றுவது இலவசம், அடுத்த முறையிலிருந்து கட்டணம். சில பழைய பிஎஸ்4 கேம்கள் மட்டும் தகராறு செய்யலாம். பழைய ஐடியையும் 30 நாள் கூடவே காட்டும் வசதி உண்டு. உங்கள் ஐடியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதை டிக் செய்யாதீர்கள்.