டீச்சர் பதில்கள்: ஐந்து ஊர்க் கடற்கரை

2019 செப்டம்பரில், இத்தாலியின் பீசா நகரில் படித்துக்கொண்டிருந்த என் மகளும் அவள் வகுப்புத் தோழர்களும் ஒரு சனி ஞாயிறு அங்கே சிங்க்குவே தெர்ரே என்ற கடற்கரைக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனார்கள். போன மாத இதழில் அதை நான்கு வரியில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிறைத்துவிட்டன.

டீச்சர், என் மூத்த மகள் மிலானில் மேற்படிப்பு படிக்கிறாள். அடுத்த மாதம் ஒன்பது மாணவர்கள், ஆணும் பெண்ணுமாக, நீங்கள் எழுதிய அதே சிங்க்குவே தெர்ரேக்குப் போகிறார்களாம். அவள் அப்பா ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது. அனுப்பலாமா?
*– ஓர் அம்மா, சுங்கை சிப்புட், மலேசியா*

அனுப்புங்கள் தங்கச்சி. ஏன் என்று சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1975. நான் ஆறாம் வகுப்பு. எங்கள் ரப்பர் தோட்டத்து லோரியில் பிள்ளைகளை ஏற்றி லுமுட் பக்கம் தெலுக் பாத்தேக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். ஆளுக்கு ஒரு வெள்ளி. அம்மா முட்டை அவித்து, புளிச்சோறு கட்டி வைத்துவிட்டார். விடியற்காலை அப்பா பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, கிளம்பும்போது, “பொம்பளப் பிள்ள, தண்ணிப் பக்கம் வேணாம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயக்கொட்டாய் வேலியைப் பிடித்துக்கொண்டு லோரி போவதைப் பார்த்தபடி நின்றேன். சாயங்காலம் பக்கத்து லயத்துத் தோழி ஒரு கிச்சாப் (சோயா சாஸ்) போத்தலில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு, அதோடு கிச்சாப் வாடை. கடல் என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று பல வருஷம் நினைத்திருந்தேன். ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகுதான், இருபத்தோரு வயதில், கடலை நேரில் பார்த்தேன்.

அப்பா கெட்டவர் இல்லை. பால்மரக் காட்டைத் தாண்டி அவருக்கு எதுவும் பழக்கமில்லை. தெரியாத இடத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு “வேணாம்” என்பதுதான். உங்கள் வீட்டுக்காரரின் பயமும் அப்படிப்பட்டதாக இருக்கலாம். அதனால் அவரிடம் வாதம் செய்யாதீர்கள், இடத்தைப் பழக்கிக் காட்டுங்கள்.

மிலானிலிருந்து ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சிங்க்குவே தெர்ரே என்றால் ஐந்து நிலங்கள் என்று பொருள். மொந்தெரொஸ்ஸோ, வெர்னாட்ஸா, கொர்னீல்யா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என்று மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து சின்ன ஊர்கள். 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1999 முதல் தேசியப் பூங்கா. வரைபடத்தில் இதைக் காட்டி, இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு ரயிலில் சில நிமிடம்தான் என்று சொல்லுங்கள்.

ஆண் பிள்ளைகளும் வருகிறார்களே என்ற கவலையை நான் தள்ளிவிட மாட்டேன், அது தாய்க்கு உள்ள கவலை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்களோடு வந்தவர்கள் பதினொரு பேர். பெண்களுக்கு ஓர் அறை, ஆண்களுக்கு ஓர் அறை என்று போவதற்கு முன்பே ஹாஸ்டலில் பதிவு செய்திருந்தார்கள். கொர்னீல்யா நிலையத்தில் இறங்கியதும் ஊருக்கு ஏற ஏறக்குறைய 380 படிகள். பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது. தம்பிகள் இருவர் என் பையை வாங்கிக்கொண்டார்கள், ஒருவன் எனக்கு முன்னால் போகவே இல்லை. நான் நின்ற இடத்தில் எல்லாம் அவனும் நின்றான். கூட்டத்தில் மூத்தவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. யாரும் தனியாகப் போகக் கூடாது, கடைசி ரயிலுக்குக் கால் மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும் என்று அவள் போட்ட இரண்டே சட்டத்தை எல்லோரும் மதித்தார்கள்.

மகளிடம் தங்கும் இடத்தின் முகவரியும் கூட வரும் இரண்டு பேரின் எண்ணும் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். இத்தாலியில் எந்த விடுதியானாலும் அதைப் பார்த்து, தங்குபவர் விவரத்தைப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். அவசரத்துக்கு 112. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்களுக்கு நடுவில் ரயில் பெரும்பாலும் மலைக் குடைவுக்குள்தான் ஓடும். போன் லைன் அறுந்து அறுந்து போகும். பதறாதீர்கள். மணிக்கு ஒரு தடவை கூப்பிடச் சொல்லாமல், ராத்திரி அறைக்கு வந்ததும் ஒரு தடவை பேசச் சொல்லுங்கள்.

அங்கே புரட்டாசி விரதம் இருக்க முடியுமா டீச்சர்? என் பேரன் நண்பர்களோடு போகிறான். சைவம்.
*– ஒரு பாட்டி, குவாலா கங்சார்*

தாராளமாக முடியும் பாட்டி. நான் போனதும் புரட்டாசிதான்.

முதலில் ஃபாரினாத்தா என்று கேட்கச் சொல்லுங்கள். கடலை மாவு, தண்ணீர், உப்பு, ஆலிவ் எண்ணெய், நான்கே பொருள். மாவைத் தண்ணீராகக் கரைத்து ஊற வைத்து, ஈயம் பூசிய அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுகிறார்கள். மேலே பொன்னிறமாக மொறுமொறு என்றிருக்கும், உள்ளே அல்வா மாதிரி குழையும். மிளகுத் தூளைத் தூவிச் சுடச்சுடத் தாளில் வைத்துக் கொடுப்பார்கள். பீசாவில் இதற்கே சேசினா என்று பேர். முதல் வாய் வைத்ததும் எனக்கு எங்கள் அம்மாவின் கடலை மாவு அடை ஞாபகம் வந்துவிட்டது. முட்டை இல்லை, பால் இல்லை, வெங்காயம்கூட இல்லை. ஃபொகாச்சா ரொட்டியும் சாப்பிடலாம். ஆனால் மேலே என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

கவனமாக இருக்க வேண்டியது பெஸ்தோ. அந்த லிகூரியா மாநிலத்தின் பெருமையே அதுதான். பச்சை இலைத் துவையல், பார்த்தால் சுத்த சைவம். பளிங்கு உரலில் மரக் குழவியால் இடிப்பது, பேரே இடிப்பது என்ற சொல்லிலிருந்து வந்தது. இலை நம் திருநீற்றுப்பச்சிலைதான். பேரனுக்குப் புரியாவிட்டால், பாசாரில் தண்ணீரில் போட்டுக் குடிக்கும் செலாசே விதை இருக்கிறதே, அந்தச் செடியின் இலை என்று சொல்லுங்கள். அதோடு பைன் கொட்டை, பூண்டு, உப்பு, ஆலிவ் எண்ணெய். இத்தோடு பார்மிஜானோ பாலாடைக்கட்டியும் சேர்க்கிறார்கள். அந்தப் பாலாடைக்கட்டியை உறைய வைக்கும் பொருள் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது. பாலாடைக்கட்டி போடாத பெஸ்தோ சில இடங்களில் கிடைக்கும், கேட்டு வாங்கட்டும்.

புரட்டாசி முடிந்த பிறகு போகிறவர்களுக்கு: மொந்தெரொஸ்ஸோ நெத்திலிக்குப் பேர் போன ஊர். உப்பில் அடுக்கி ஊற வைப்பது, எலுமிச்சை பிழிந்து தருவது என்று பல விதம். பங்கோர் தீவு நெத்திலி தின்று வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாகத் தெரியாது.

சிலிப்பர் போட்டு நடக்கலாமா? டிக்கெட் எப்படி?
*– ஒரு மாணவர், ஈப்போ*

மலைப்பாதையில் சிலிப்பர் கூடாது தம்பி. 50 யூரோ முதல் 2,500 யூரோ வரை அபராதம் என்று 2019-இல் அறிவித்துவிட்டார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் பாதையில் கால் வைக்கும் முன்பே சிலிப்பர் வார் அறுந்து, மீதி நாளை ரயில் நிலைய பெஞ்சுகளிலேயே கழித்தாள். ஐந்து ஊருக்கும் இரு பக்கமும் இருக்கும் லா ஸ்பெட்ஸியாவிலிருந்து லேவந்தோ வரை அன்று முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்க ஒரே அட்டை இருக்கிறது, பாதைக் கட்டணமும் அதில் அடக்கம். அதை வாங்கு. தாள் டிக்கெட் வாங்கினால் ரயில் ஏறும் முன் நிலையத்து இயந்திரத்தில் நேரம் பதிக்க வேண்டும். மறந்தால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்தான்.

டீச்சர், அந்த மலை முழுக்கக் கல் சுவர் என்று ஒரு வரி எழுதி விட்டுவிட்டீர்கள். முப்பத்தெட்டு வருஷம் மலைத்தோட்டத்தில் பால் வெட்டினவன் நான். அதைக் கொஞ்சம் விவரமாக எழுதக் கூடாதா?
*– ஒரு தாத்தா, சுங்கை சிப்புட்*

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் அன்று நான் ஏன் அந்த ஒரு வரியோடு நிறுத்தினேன் என்று என் மேல் எனக்கே வருத்தம். எழுதுகிறேன்.

நம் மலையில் நிரை வெட்டி மரம் நடுவோமே, அதே மாதிரிதான். ஆனால் அங்கே மண் வரப்பு நிற்காத செங்குத்து. அதனால் கல்லை உடைத்து, அடுக்கி, மார்பளவுச் சுவர் எழுப்பி, அதற்குப் பின்னால் மண்ணை நிரப்பி, கிடைத்த குறுகிய பட்டையில் திராட்சைக் கொடி நட்டிருக்கிறார்கள். கடலிலிருந்து மேகம் தொடும் உயரம் வரை சுவர் மேல் சுவர். பல நூறு வருஷ வேலை. ஒரு சட்டி சிமெண்ட், சுண்ணாம்பு கிடையாது.

மனரோலாவுக்கு மேலே ஒரு பெரியவர் சரிந்த சுவரைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் படம் எடுக்க மேலே போய்விட்டார்கள், நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு கல்லை எடுப்பார், கையில் இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பார், வைப்பார். ஆடினால் எடுத்துவிட்டு வேறு பக்கம் திருப்பி வைப்பார். பெரிய கல் முகப்புக்கு, பின்னால் பொடிக்கல். சுத்தியல் சத்தம் அபூர்வம். என் மகள் திரும்பி வந்து மொழிபெயர்த்தாள்: இடுக்கு வழியாக மழைத் தண்ணீர் வடிந்துவிடும், பூசி அடைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கிச் சுவரைத் தள்ளிவிடும். ஒன்று சரிந்ததும் உடனே கட்டாவிட்டால் மேலே இருப்பதும் தளர்ந்துவிடும். அவர் விரல் நுனிகள் உங்கள் தலைமுறை வெட்டுக்காரர்களின் விரல் மாதிரியே தடித்துக் கறுத்திருந்தன. இப்படி அடுக்கும் கலையை இத்தாலி உட்பட எட்டு நாடுகளுக்கு உரியதாக யுனெஸ்கோ 2018-இல் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

அறுவடைத் திராட்சையை முன்பு முதுகிலும் தலையிலும் சுமந்து இறக்கினார்கள். இப்போது ஒற்றைத் தண்டவாளத்தில் பல் சக்கரம் பிடித்து ஏறும் ஒரு குட்டி ரயில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் எஞ்சின் போல் சத்தம், பின்னால் கூடை வைக்கும் பெட்டி. அதைப் பார்த்தபோது, காண்டாவில், அதாவது தோளில் வைக்கும் கம்பில், இரண்டு பால் வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்கு இறங்கி வரும் எங்கள் அம்மாவின் தோள்பட்டைத் தழும்புதான் எனக்கு ஞாபகம் வந்தது. நமக்கு அப்படி ஒன்றை யாரும் போட்டுத் தரவில்லையே.

அங்கேயும் பிள்ளைகள் மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். லா ஸ்பெட்ஸியாவில் கடற்படைத் தளம், 1874-இல் ரயில், அப்புறம் சம்பள வேலை. ஆள் இல்லாத சுவர்கள் சரியத் தொடங்கின. 25 அக்டோபர் 2011 அன்று கொட்டிய மழையில் மலைச் சேறு வெர்னாட்ஸாவிலும் மொந்தெரொஸ்ஸோவிலும் தெருவை மூடியது, உயிர்களும் போயின. மழை பெரிய மழைதான். ஆனால் கவனிக்காமல் விட்ட சுவர்களும் சேர்ந்துதான் கீழே வந்தன.

ரியோமஜ்ஜோரேவில் சில்வியோ பெனெதெத்தோ என்ற ஓவியர், இந்தச் சுவர்களைக் கட்டிய பேர் தெரியாத ஆண்களையும் பெண்களையும் பெரிது பெரிதாகச் சுவரில் வரைந்திருக்கிறார். கல் தூக்கி வளைந்த முதுகு, தலையில் சுமை. நம் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டமாகின. சுங்கை சிப்புட்டில் ஒரு சுவரிலாவது வெட்டுக்கத்தியும் பால் பிடிக்கும் மங்கும் பிடித்த ஒரு கை வரையப்பட வேண்டும் ஐயா. அதை யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் உயிரோடு இருந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அங்கே கடலில் குளிக்கலாமா? எனக்கு அரைகுறை நீச்சல்தான். நவம்பரில் போகலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு என்ன வாங்கி வரட்டும்?
*– உங்கள் பழைய மாணவி, இப்போது பொலோன்யா*

அரைகுறை நீச்சலுக்கு மனரோலா வேண்டாம்மா. அங்கே மணல் கிடையாது, பாறையிலிருந்து நேராக ஆழம். உள்ளூர்ப் பிள்ளைகள் குதிப்பதைப் பார்த்துக் கால் துடிக்கும், அடக்கிக்கொள். குளிப்பதென்றால் மொந்தெரொஸ்ஸோ. ஐந்து ஊரில் பெரிய கடற்கரை அங்கேதான். வரிசையாகக் குடை நட்ட இடம் காசு கொடுத்து உட்காருவது, பக்கத்தில் இலவசப் பகுதி இருக்கும். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது.

நவம்பர் குளிக்கிற மாதமும் இல்லை, நடக்கிற மாதமும் இல்லை. மழை எச்சரிக்கை வந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். அதற்குக் காரணம் மேலே தாத்தாவுக்கு எழுதியிருக்கிறேன். மே மாதத்துக்கு ஒத்திப்போடு. ரியோமஜ்ஜோரேவுக்கும் மனரோலாவுக்கும் நடுவில் கடலை ஒட்டிப் போகும் காதல் பாதை 2012-இல் பாறை விழுந்து மூடப்பட்டிருந்தது, எனக்கு வாய்க்கவில்லை. 2024-இல் திறந்துவிட்டார்கள், நீ போய் நட.

எனக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். அழகாக இருக்கிறதே என்று கடற்கரைக் கல்லையும் எடுத்து வராதே, அங்கே அது சட்டப்படி குற்றம். மனரோலா மலையில் அந்தக் குட்டி ரயில் ஓடினால் சத்தத்தோடு ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. தாத்தா வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.