இன்ஜின் சென்சாரை வீட்டிலேயே மாற்றலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சென்சார் பற்றி நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஸ்கேனர் என்றால் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரோடு மாட்டி, அது பதிந்துவைத்த கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி, அந்த எண்ணைத்தான் கோடு (code) என்கிறோம். பெட்ரோல் கார்களை வைத்துத்தான் எழுதுகிறேன், டீசலுக்கு நடுவில் ஒரு எச்சரிக்கை உண்டு, டீசல்காரர்கள் அதை விடாமல் படியுங்கள்.

கேள்வி: அண்ணா, செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனரில் பி0118 என்று கோடு வருகிறது. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் போய்விட்டதுதானே, புதுசு வாங்கிவிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள் தம்பி. கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், எவ்வளவு சூடு என்று அளக்கும் அந்தச் சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் இருக்கவேண்டியதைவிட அதிகமாக இருக்கிறது, பி0118 சொல்வது அவ்வளவுதான். சென்சார் உள்ளுக்குள் அறுந்திருந்தாலும் இதே கோடுதான், கனெக்டர் சரியாக மாட்டாமல் இருந்தாலும் இதே கோடுதான், எலி ஒயரைக் கடித்திருந்தாலும் இதே கோடுதான். எலி கேஸும் உண்டு, ஆனால் எல்லோரும் முதலில் வாங்குவது சென்சாரை.

ஸ்கேனரில் லைவ் டேட்டாவை, அதாவது சென்சார்கள் அந்த நேரத்தில் சொல்லும் அளவுகளை, திறந்து கூலன்ட் டெம்பரேச்சரைப் பாருங்கள், பெரும்பாலும் -40 டிகிரி என்று காட்டும். கனெக்டரைக் கழற்றி, இக்னிஷன் ஆனில் இருக்க, கனெக்டருக்குள் இருக்கும் இரண்டு பின்னையும் ஒரு மெல்லிய ஒயரால் ஒன்றோடொன்று தொடவையுங்கள். டெம்பரேச்சர் ஒரேயடியாக 120, 140 என்று எகிறினால் ஒயரும் நல்லது, கம்ப்யூட்டரும் நல்லது, குற்றவாளி சென்சார்தான், தைரியமாக வாங்குங்கள். அசையாமல் -40லேயே நின்றால் ஒயரைத் தேடுங்கள். இது இரண்டு பின் உள்ள டெம்பரேச்சர் சென்சாருக்கு மட்டும். வேறு எந்தச் சென்சார் கனெக்டரிலும் இப்படி ஒயரை வைத்து இணைத்துப் பார்க்காதீர்கள், கம்ப்யூட்டருக்கே செலவு வைத்துவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் சென்சாரையும் நேராக அளந்துவிடலாம். பல கார்களில் 20 டிகிரியில் 2000 முதல் 3000 ஓம் வரை இருக்கும், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் இறங்கிவிடும். கழற்றிய சென்சாரின் முனையை மட்டும் வெந்நீரில் வைத்துப் பாருங்கள், எண் வழுக்கிக்கொண்டு இறங்கினால் நல்ல சென்சார், நடுவில் குதித்தால் தூக்கிப் போடவேண்டியதுதான்.

கேள்வி: அதை மாற்ற கூலன்ட் முழுவதையும் வடிக்கவேண்டுமா சார்?

பதில்: வேண்டாம். சென்சார் இருக்கும் மட்டத்துக்குக் கீழே வருகிற அளவுக்கு வடித்தால் போதும். ஆனால் இன்ஜின் முழுதாக ஆறியிருக்கவேண்டும், ராத்திரி நிறுத்திவிட்டு காலையில் செய்வது உத்தமம். சூட்டில் அந்தச் சிஸ்டம் ஏறக்குறைய 1 பார் பிரஷரில் இருக்கும், உள்ளே கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடியைத் திறந்தால் முகத்தில்தான் வந்து விழும்.

பழைய சென்சாரைக் கழற்றியதும் அதோடு ஓ-ரிங், அதாவது லீக் ஆகாமல் தடுக்கும் ரப்பர் வளையம், வந்ததா என்று பாருங்கள். பல சமயம் அது துளைக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் புது ஓ-ரிங்கும் ஏறினால் அப்புறம் லீக்கைத் தேடி அலையவேண்டும். மரை உள்ள சென்சார் என்றால் முதல் சில சுற்று விரலால் மட்டும், இறுகினால் திரும்ப எடுத்து மறுபடி வையுங்கள். முடிந்ததும் கூலன்டை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓட விட்டு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள், உங்கள் காரில் அதற்கென்று ஸ்க்ரூ இருந்தால் அதன் வழியே. ஆறிய பிறகு லெவலை மறுபடி பாருங்கள். தரையில் சிந்தியதைக் கழுவிவிடுங்கள், கூலன்ட் இனிக்கும், நாய் பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: ப்ரோ, வண்டி நன்றாக சூடானதும் ஓடிக்கொண்டே இருக்கும்போது ஆஃப் ஆகிறது. அரை மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. லைட்டும் எரியவில்லை. க்ராங்க் சென்சார் என்கிறார் மெக்கானிக், நம்பலாமா?

பதில்: நம்பலாம், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் க்ராங்க் சென்சாரின் பழக்கமே இதுதான். உள்ளே இருக்கும் காயில் சூட்டில் விரிந்து தொடர்பு விடும், ஆறினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். ஆனால் ஃப்யூயல் பம்பும் இதே நாடகத்தை ஆடும். அதனால் வண்டி நின்ற அந்த நேரத்திலேயே இரண்டைக் கவனியுங்கள். இக்னிஷனைப் போட்டதும் பின்பக்கம் பம்ப் இரையும் சத்தம் வருகிறதா? ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) ஏறுகிறதா, பூஜ்யத்திலேயே கிடக்கிறதா? பம்ப் இரைந்து, ஆர்பிஎம் பூஜ்யம் என்றால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி.

இரண்டு ஒயர் சென்சார் என்றால் சூட்டிலும் ஆறிய பிறகும் ஓம் அளந்து ஒப்பிடலாம். மூன்று ஒயர் பெரும்பாலும் ஹால் வகை, அதாவது காந்தத்தை உணரும் சிப் உள்ளது, அதை ஓமில் அளக்காதீர்கள், சப்ளை வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கழற்றுவது ஒரே போல்ட், பல கார்களில் 10 மி.மீ. ஸ்பேனர் போதும். போல்ட் வந்த பிறகும் சென்சார் வராது, அங்கேதான் பலர் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி சென்சாரின் தலையை உடைத்துவிட்டு, மிச்சம் பிளாக்குக்குள் மாட்டி முழிப்பார்கள். துருநீக்கி எண்ணெய் அடித்து சற்று ஊறவிட்டு, இடமும் வலமுமாக மெல்லத் திருகிக்கொண்டே இழுங்கள். புதுசின் ஓ-ரிங்கில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். காருக்கு அடியில் புகுந்துதான் செய்யவேண்டும் என்றால் ஜாக்கை நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

கேள்வி: பி0420 வருகிறது, ஆக்ஸிஜன் சென்சார் மாற்றினால் போய்விடுமா?

பதில்: பெரும்பாலும் போகாது. அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பற்றிய புகார். அதற்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக ஆக்ஸிஜன் சென்சார் இருக்கும், பின்னால் இருப்பது சேதி சொன்ன ஆள் மட்டும்தான். பழைய வகை சென்சார்களில் முன்னது 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கும், பின்னது அசையாமல் நிற்கவேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால் கன்வெர்ட்டர் களைத்துவிட்டது. சைலன்சர் பைப்பில் லீக் இருந்தாலும் இந்தக் கோடு வரும், முதலில் அதைப் பாருங்கள். பி0135 வந்திருந்தால் கதை வேறு, அது சென்சாரின் ஹீட்டர், ஃப்யூஸைப் பார்த்துவிட்டு மாற்றலாம். 22 மி.மீ. பிளவு சாக்கெட் வேண்டும், லேசான சூட்டில் கழற்றினால் மரை பிழைக்கும்.

கேள்வி: ஏர் ஃப்ளோ சென்சாரைப் பஞ்சு வைத்துத் துடைக்கலாமா?

பதில்: கூடாது. இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சார் அது, உள்ளே இருக்கும் கம்பி முடி மாதிரி மெல்லியது. அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை அடித்து, தானாகக் காயவிட்டு மாட்டுங்கள். கார்புரேட்டர் க்ளீனரும் வேண்டாம்.

கேள்வி: என்னுடையது டீசல். ரெயில் பிரஷர் சென்சாரை நானே மாற்றலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். காமன் ரெயிலில், அதாவது டீசலை இன்ஜெக்டர்களுக்குக் கொடுக்கும் பொதுக் குழாயில், பிரஷர் 1000 பாரையும் தாண்டும், ஊசிமுனை அளவு பீறினாலும் தோலைத் துளைத்து உள்ளே போகும், அப்படிப் போனால் அது ஆபரேஷன் வரை கொண்டுபோகும் காயம். இதை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள்.

கேள்வி: மாற்றியாகிவிட்டது, லைட் அணையவில்லை. பேட்டரியைக் கழற்றிவிடவா?

பதில்: ஸ்கேனரிலேயே அழியுங்கள், ஆனால் அழிக்கும் முன் கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். கோளாறு வந்தபோது வண்டி என்ன வேகம், என்ன சூடு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும், அழித்தால் அதுவும் போச்சு. அழிக்காமல் விட்டாலும், கோளாறு திரும்ப வராவிட்டால் சில ஓட்டங்களில் லைட் தானே அணைந்துவிடும். பேட்டரியைக் கழற்றினால் கம்ப்யூட்டர் கற்றுவைத்த ஐடில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) கணக்கெல்லாம் பல கார்களில் அழிந்து, சில நாள் வண்டி முரண்டு பிடிக்கும். புகைச் சோதனைக்கு ஸ்கேனர் மாட்டிப் பார்ப்பார்கள் என்றால் முந்தின நாள் அழித்துவிட்டுப் போகாதீர்கள், சுய பரிசோதனைகள் முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: கழற்றும்போது கனெக்டர் லாக் உடைந்துவிட்டது. கேபிள் டை போட்டுக் கட்டலாமா?

பதில்: கட்டலாம், ஒயரை இழுக்காமல் கனெக்டரையும் சென்சார் தலையையும் சேர்த்துக் கட்டுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் என்றால் பிளாஸ்டிக் டை உருகிவிடும், அங்கே மட்டும் புது கனெக்டர் வாங்கிப் போடுங்கள்.