கோத்தகிரி மழையில் வீட்டுக்குள் அடைந்திருக்கும் 13 வயதுப் பையனுக்கு

சகோதரி, மகனுக்குக் காலையில் சாப்பாடு இறங்குவதில்லை, மாலையில் டீயோடு நாலு வர்க்கி (நம் நீலகிரியின் மொறுமொறு மைதா பிஸ்கட்), அப்புறம் மழையென்று செல்போன் என எழுதியிருந்தீர்கள். முதலில் வர்க்கியைக் குறையுங்கள். மைதாவும் கொழுப்பும் வயிற்றை அடைத்து இரவுச் சாப்பாடு தள்ளிப்போகிறது. காலையில் பசி எப்படி வரும்? பள்ளி விட்டதும் அவித்த முட்டை ஒன்று, வேகவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. வர்க்கி ஒன்று இருக்கட்டும், அடியோடு நிறுத்தினால் கடையில் வாங்கித் தின்பான். டீக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கீரை, பயறிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர டீ தடை.

செல்போனுக்குப் பதில் உடம்பு அசையட்டும். இந்த வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது தினம் சராசரி 60 நிமிடம் ஓடியாடுவது. பிரித்துச் செய்யலாம். ஸ்கிப்பிங்: 30 விநாடி குதித்து 30 விநாடி ஓய்வு, 10 முறை. சிமெண்டுத் தரையில் ஷூ கட்டாயம், இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிக்கலாம். மழை விட்ட நாளில் பஸ்ஸிலிருந்து ஒரு ஸ்டாப் முன்பே இறங்கி ஏற்றத்தில் நடக்கட்டும்.