அண்ணன் பெயர் வராத ஜெபம்

அன்புள்ள ஐயா,

தினமும் காலையில் வேதம் வாசித்து ஜெபிக்கிறேன். ஞாயிறு பள்ளி நடத்துகிறேன், வாரம் ஒருநாள் உபவாசம். ஆனாலும் ஒரு வருடமாக ஜெபம் வறண்டு கிடக்கிறது. என்னை ஆராய்ந்து பார்த்துவிட்டேன், சொல்லும்படி எதுவும் தென்படவில்லை. சொத்துத் தகராறில் அண்ணனோடு மட்டும் பேச்சு இல்லை. தவறு அவர் பக்கம்தான், அது வேறு விஷயம். நான் தேவனை எங்கே எதிர்க்கிறேன்?

— ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

ஜெபம் வறண்டால் அதற்குப் பாவம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வேதத்தில், துன்பப்பட்ட யோபுவிடம் அவருடைய நண்பர்கள் அப்படிச் சொல்லித்தான் தேவனால் கடிந்துகொள்ளப்பட்டார்கள். ஆனால் நீங்களே கேட்டதால் சொல்கிறேன்: ‘அது வேறு விஷயம்’ என்று ஒதுக்கிய இடத்தை நீங்கள் ஆராயவே இல்லை.

இஸ்ரவேலின் ராஜாவான சவுலைப் பாருங்கள் (1 சாமுவேல் 15). எதிரிகளான அமலேக்கியரிடம் ஒன்றையும் தப்பவிடக் கூடாது என்பது தேவனுடைய கட்டளை. அவன் நல்ல ஆடுமாடுகளை வைத்துக்கொண்டு, “கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன்” என்று தீர்க்கதரிசி சாமுவேலை வரவேற்கிறான். அவன் நடிப்பதாக எனக்குத் தோன்றவில்லை, நம்பித்தான் சொல்கிறான். பின்னால் ஆடுகள் கத்துகின்றன. கேட்டால், ஜனங்கள்தான் தப்பவைத்தார்களாம், அதுவும் பலியிடுவதற்காம். யாருக்குப் பலி? “உம்முடைய தேவனாகிய கர்த்தருக்கு.” ‘என் தேவன்’ என்று அவன் வாயில் வரவில்லை.

பெரும்பாலான விசுவாசிகளின் எதிர்ப்பு இப்படித்தான் இருக்கிறது. முடியாது என்று யாரும் தேவனிடம் சொல்வதில்லை. கேட்காததையெல்லாம் தாராளமாகக் கொடுத்து, கேட்ட ஒன்றை நிறுத்திக்கொள்கிறோம். உங்கள் உபவாசம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அது எதற்குப் பதிலாக நிற்கிறது?

தவறு அண்ணன் பக்கமாகவே இருக்கட்டும். மத்தேயு 5:23, 24-ஐ நிதானமாக வாசியுங்கள். உங்களுக்கு அவர்பேரில் குறை இருந்தால் என்று அங்கே இல்லை; காணிக்கை செலுத்த வந்த இடத்தில் “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று” நினைவு வந்தால், முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்றுதான் இருக்கிறது. அண்ணனுக்கு உங்கள்மேல் என்ன குறை? அது உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சொத்தை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நியாயமான பங்கைக் கேட்கலாம், அதற்காகப் பகையை வளர்க்க வேண்டியதில்லை.

அப்புறம், தன்னைத் தானே ஆராய்வதற்கு ஓர் எல்லை உண்டு. சங்கீதம் 139-இல் தாவீது, தேவனைப் பகைக்கிறவர்களைக் குறித்து, “முழுப்பகையாய் அவர்களைப் பகைக்கிறேன்” என்கிறார். அடுத்த வசனத்திலேயே, “தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்” என்று கேட்கிறார். தன் பகை நியாயமானது என்று உறுதியாக இருந்த நேரத்திலும், சோதிக்கும் வேலையை அவர் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை.

நாளைக் காலை ஜெபத்தில் அண்ணன் பெயரைச் சொல்லுங்கள். மன்னிக்க மனம் வரவில்லை என்றால், “ஆண்டவரே, எனக்கு மனமில்லை” என்றே சொல்லுங்கள். உண்மையாக வருவது அது மட்டும்தான் என்றால், அன்றைக்கு அந்த ஜெபம் போதும்.