நல்ல கொழுப்பின் அளவு சரி, தரம் எப்படி? (கேள்வி பதில்)

கேள்வி: ரிப்போர்ட்டில் எச்டிஎல் 52, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 290. நல்ல கொழுப்பு போதுமான அளவு இருக்கிறதே, கவலைப்பட வேண்டுமா?

பதில்: அந்த 52-ஐப் பார்த்து ட்ரைகிளிசரைடைச் சும்மா விட்டுவிடாதீர்கள். எச்டிஎல் துகள்களுக்குள் எவ்வளவு கொலஸ்ட்ரால் இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் காட்டும். ரத்தக்குழாய்ச் சுவரில் தேங்கிய கொலஸ்ட்ராலை எடுத்துக் கல்லீரலில் சேர்க்கும் வேலையைத் துகள்கள் ஒழுங்காகச் செய்கின்றனவா என்பது அதில் தெரியாது.

ட்ரைகிளிசரைடு ஏறினால் நடப்பது இதுதான். சிஇடிபி என்ற புரதம் எச்டிஎல்லிடமிருந்து கொலஸ்ட்ராலை வாங்கி ட்ரைகிளிசரைடைச் சுமந்து செல்லும் விஎல்டிஎல் துகளுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ட்ரைகிளிசரைடை எச்டிஎல்லுக்குள் ஏற்றிவிடும். அப்புறம் கல்லீரலின் லைபேஸ் நொதி அதை உடைக்க, துகள் சிறுத்துப்போகும். அதைத் தாங்கி நிற்கும் அப்போ ஏ-1 புரதமும் கழன்று சிறுநீரகத்தில் சிதைந்துவிடும். பலருக்கு ட்ரைகிளிசரைடு ஏற ஏற எச்டிஎல் இறங்குவது இதனால்தான். உங்களுக்கு எண் இறங்கவில்லை. ஆனாலும் துகளின் உள்ளடக்கம் மாறியிருக்கலாம்.

கேள்வி: கெட்ட கொழுப்பான எல்டிஎல் அதிகமானாலும் எச்டிஎல் கெடுமா?

பதில்: கெடலாம். பரம்பரையாக எல்டிஎல் மிக அதிகமாக உள்ளவர்களிடம் எச்டிஎல்லின் கொலஸ்ட்ரால் அகற்றும் திறன் குறைந்திருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. உடலில் அழற்சி இருந்தால் இன்னும் மோசம்: சீரம் அமிலாய்டு ஏ என்ற புரதம் அப்போ ஏ-1-ஐத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: மாத்திரையால் எச்டிஎல்லை ஏற்றிவிட்டால்?

பதில்: முயன்று பார்த்துவிட்டார்கள். டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை 70 சதவீதத்துக்கும் மேல் ஏற்றியது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களிடம் மரணங்கள் கூடியதால் 2006 டிசம்பரில் சோதனையையே நிறுத்தினார்கள். எண்ணைத் துரத்துவதில் பயனில்லை என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கேள்வி: என் அம்மாவுக்கு எச்டிஎல் 104. நல்லதுதானே?

பதில்: அப்படி முடிவு செய்ய முடியாது. கல்லீரல் எச்டிஎல்லிலிருந்து கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ள உதவும் எஸ்ஆர்-பி1 என்ற ஏற்பியில் (ரிசெப்டர்) ஒரு மரபுப் பிழை உள்ளவர்களுக்கு எச்டிஎல் மிக உயர்ந்திருக்கும், மாரடைப்பு அபாயமும் கூடுதலாக இருக்கும். கல்லீரல் அந்தக் கொலஸ்ட்ராலைச் சரியாக உள்ளே வாங்காததால் அது ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

கேள்வி: தரத்தை அளக்க டெஸ்ட் உண்டா?

பதில்: ஆய்வுக்கூடங்களில் செல்களை வைத்து அளக்கிறார்கள், வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அது வராது. நீங்களே செய்யக்கூடிய கணக்கு ஒன்று உண்டு: மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழியுங்கள். மிச்சம் 130-க்கு மேல் என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். சர்க்கரை நோயோ இதய நோயோ இருந்தால் அவர் இன்னும் குறைவான இலக்கு சொல்வார். ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் தள்ளிப்போடவே வேண்டாம், கணையம் பாதிக்கப்படும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது.